ஒரு ஜோடி பூட்ஸும் மூன்று வாக்காளர் பட்டியலும்

புதுச்சேரியில் லபோர்த் வீதி என்று ஒன்று இருக்கிறது. ஆட்டோக்காரரிடம் சொன்னால் கொண்டுபோய் விடுவார். யார் இந்த லபோர்த் என்று கேட்டால், "யாரோ வெள்ளைக்காரன் சார்" என்பார். ஊரில் பெரும்பாலோர் நினைப்பதும் அதுதான். சுஃப்ரேன், லபூர்தொனே என்று தெருவுக்குத் தெரு பிரெஞ்சுப் பெயர் தொங்குகிற ஊரில், லபோர்த்தும் ஏதோ ஒரு கப்பல் தளபதி என்று வைத்துக்கொள்வது இயல்பு.

லபோர்த் வெள்ளைக்காரர் அல்ல. அவர் பெயர் பொன்னுத்தம்பி பிள்ளை. வேளாளக் கிறிஸ்தவர், வக்கீல். நடுவயதில் தன் பெயரைத் தானே மாற்றிக்கொண்டார். 'லா போர்த்' என்றால் பிரெஞ்சில் கதவு.

ஆனால் இந்தக் கட்டுரையை அவருக்காக மட்டும் எழுதவில்லை. அவர் திறந்த கதவை மறுபக்கத்திலிருந்து சாத்திவிட்டு, கால் நூற்றாண்டுக் காலம் அதன் மேல் சாய்ந்து நின்ற இன்னொரு மனிதர் இருக்கிறார்: நாடு சண்முக வேலாயுத முதலியார். பிரெஞ்சு ஆவணங்களில் 'ஷனெமுகவெலயுதமொதெலியார்' என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டு, பிறகு களைத்துப்போய் 'ஷனெமுகம்' என்று சுருக்கிக்கொள்வார்கள். பிரெஞ்சிந்திய வரலாற்றை ஆழமாக ஆராய்ந்த ழாக் வெபர் இவரைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு வைத்த தலைப்பில் 'பிரெஞ்சிந்தியாவின் அரசர்' என்ற சொல் வருகிறது. குடியரசின் காலத்தில் ஓட்டுப் போட்டு உருவான அரசர். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் நிலத்தில் வாக்குச் சீட்டால் அதிகாரம் கண்ட அரசியல்வாதி என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் நான் இவரைத்தான் காட்டுவேன்.

முதலில் அந்த வாக்குச் சீட்டு எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம். 1848ல் பாரிசில் புரட்சி. மன்னராட்சி போய் இரண்டாம் குடியரசு. ஏப்ரல் 27 அன்று காலனிகளில் அடிமை முறையை ஒழிக்கும் ஆணை வந்தது. அதே நாளில் தேர்தல் பற்றிய அறிவுரையும் வந்தது: செனகலிலும் இந்தியாவிலும் ஐந்து ஆண்டுகள் குடியிருந்ததைக் காட்டும் உள்ளூர்வாசிகள், பிரெஞ்சுக் குடியுரிமைக்குத் தனிச் சான்று எதுவும் தராமலேயே வாக்களிக்கலாம். பிறகு மூன்றாம் நெப்போலியன் வந்து அதையெல்லாம் மூட்டை கட்டினார். 1871ல் மூன்றாம் குடியரசு மறுபடியும் பிரித்தது. பிரெஞ்சிந்தியா முழுவதற்கும், அதாவது புதுச்சேரி, காரைக்கால், மாஹி, ஏனாம், சந்திரநாகூர் ஐந்துக்கும் சேர்த்து, பாரிஸ் நாடாளுமன்றத்தில் ஒரு பிரதிநிதி. ஆண்கள் அனைவருக்கும் ஓட்டு.

இது எவ்வளவு விசித்திரமான காரியம் என்பது வரைபடத்தைப் பார்த்தால்தான் உறைக்கும். பாகூரில் நிலம் உழுகிறவருக்கு 1871ல் ஓட்டு உண்டு. சில மைல் தள்ளிக் கடலூரில் இருக்கும் அவருடைய மைத்துனருக்கு இல்லை. மதறாஸ் மாகாணத்தில் நேரடித் தேர்தல் வந்தது 1920ல்; அதுவும் சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கு. மைத்துனரின் பேரன் சொத்துக் கணக்கு காட்டாமல் ஓட்டுப் போட 1952 வரை பொறுக்க வேண்டும். பிரான்சின் பிடியிலேயே இருந்த அல்ஜீரியாவில்கூட, இஸ்லாமியத் தனிச் சட்டத்தை விடாத முஸ்லிம்களுக்கு முழுக் குடியுரிமை கிடையாது. செனகலின் நான்கு நகரங்களிலும் பிரெஞ்சிந்தியாவிலும் மட்டும் ஒரு சலுகை: உன் வழக்கத்தையும் வைத்துக்கொள், ஓட்டையும் வைத்துக்கொள்.

இந்த 'வழக்கம்' சும்மா வந்ததல்ல. 1816ல் ஆங்கிலேயரிடமிருந்து ஊரைத் திரும்பப் பெற்ற பிரெஞ்சுக்காரர்கள், 1819 ஜனவரி 6 அன்று ஓர் ஆணையில் வாக்குக் கொடுத்தார்கள்: இந்தியர்களின் திருமணம், வாரிசுரிமை போன்றவற்றை அவரவர் சாதி வழக்கப்படியே தீர்ப்போம். அந்த வாக்குறுதியைத்தான் சண்முகம் பிற்பாடு கவசமாக மாட்டிக்கொண்டார்.

அதற்கு முன்னால் பூட்ஸ் கதை. 1873. பொன்னுத்தம்பி பிள்ளை ஐரோப்பிய பாணியில் காலுறையும் பூட்ஸும் அணிந்து நீதிமன்றத்துக்குள் நுழைந்தார். இந்திய வக்கீல் இந்தியக் கோலத்தில்தான் வர வேண்டும், காலணி விஷயத்தில் இந்தியருக்கான மரியாதையைக் காட்ட வேண்டும் என்பது எழுதாத விதி. நீதிபதி கோபப்பட்டார், தண்டித்தார். வேறொருவராக இருந்தால் மறுநாள் பூட்ஸை வீட்டில் விட்டுவிட்டு வந்திருப்பார். இவர் பாரிசுக்குப் போனார். அதாவது, வழக்கை அங்குள்ள உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை கொண்டுபோனார். அங்கே அவருக்காக வாதாடியவர் ழூல் கொதேன் என்ற வக்கீல். தீர்ப்பு பொன்னுத்தம்பிக்குச் சாதகமாக வந்தது.

இந்தப் பூட்ஸை ஒரு மனிதரின் வீம்பு என்று தள்ளிவிட முடியாது. காலில் என்ன இருக்கிறது என்பது நம் ஊரில் எந்தத் தெருவில் யார் நடக்கலாம் என்ற கேள்வியோடு கட்டிய விஷயம். புதுச்சேரியில் அந்தக் கேள்விக்கு வயதும் அதிகம். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745ல் நடந்த ஒரு தகராறு பதிவாகியிருக்கிறது: சம்பா கோவிலுக்குள் சாதிக் கிறிஸ்தவர்களையும் தலித் கிறிஸ்தவர்களையும் பிரித்து நின்ற சுவர் பற்றியது. சுவரை இடித்த பிறகு நாற்காலிகளை வரிசையாகப் போட்டுப் பிரித்துக்கொண்டார்களாம். நம்ம ஆட்கள் எதற்கும் வழி கண்டுபிடிப்பார்கள்! பொன்னுத்தம்பியின் வழக்கு அந்த நாற்காலி வரிசையைக் கலைக்கப் பார்த்த வழக்கு என்றே எனக்குப் படுகிறது. ஆனால் அவர் கேட்டது வெள்ளைக்காரனோடு சமத்துவம். மற்ற சமத்துவங்கள் அதன் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டன.

கொதேனுக்கு நன்றி சொல்லும் வாய்ப்பும் வந்தது. 1876ல் அவரே பிரெஞ்சிந்தியாவின் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வழக்கு ஜெயித்த வக்கீலை வாக்காளர்கள் பாராளுமன்றத்துக்கு அனுப்புவது ஒன்றும் புதிதில்லை. நாம் இன்றும் செய்கிறோம்.

1879ல் புதுச்சேரியில் பொதுச் சபையும் ஒவ்வொரு பகுதிக்கும் உள்ளூர்ச் சபையும் வந்தன. 1880ல் நகராட்சிகள்: மொத்தம் பத்து கொம்யூன். புதுச்சேரிப் பகுதியில் நான்கு, அதாவது புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர். ஒவ்வொன்றுக்கும் ஒரு மேர், ஒரு மேரி கட்டடம். (கடற்கரையில் இருந்த புதுச்சேரி மேரி 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்து, பிறகு அதே சாயலில் மறுபடி கட்டப்பட்டதை இந்தத் தலைமுறை பார்த்திருக்கிறது.) பிரான்சின் ஒரு சிறு நகரத்தில் என்னென்ன தேர்தல் உண்டோ அத்தனையும் வில்லியனூருக்கு வந்துவிட்டது.

அடுத்து 1881 செப்டம்பர் 21 ஆணை. இதுதான் மையம். இந்தியர் ஒருவர் விரும்பினால் தன் தனிச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வரலாம். அதிகாரியின் முன்னால் போய் அறிவிக்க வேண்டும். ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கையெழுத்துப் போட்டால் போட்டதுதான், திரும்பிவர முடியாது. மனைவியும் மைனர் பிள்ளைகளும் கூடவே வந்துவிடுவார்கள். இப்படித் துறந்தவர்களை 'ரெனோன்சான்' என்றார்கள். முன்வரிசையில் நின்று துறந்தவர் பொன்னுத்தம்பி. அவர்தான் 'லபோர்த்' ஆனார்.

துறந்தால் என்ன ஆகும்? பெண் பிள்ளைக்கும் ஆண் பிள்ளைக்கும் சொத்தில் சம பங்கு. ஒரே மனைவி. திருமணம் மேரியில் பதிவாக வேண்டும். சாதிப் பெயர் போய் குடும்பப் பெயர் வரும். 1881ல் இதைக் கேட்ட ஒரு நிலக்கிழாரின் முகத்தைக் கற்பனை செய்துபாருங்கள். வரிசையில் வந்து நின்றவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். அவர்களிலும் தலித்துகள் கணிசம். இழப்பதற்குச் சாதி மதிப்பு எதுவும் இல்லாதவர்களுக்கு அந்தக் கையெழுத்து லாபமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. சாதி இந்துக்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கமே போகவில்லை.

சண்முகம் மேடைக்கு வருவது இங்கேதான். அவருடைய வாதம் எளிமையானது: துறப்பது என்றால் சாதியை இழப்பது, இன்றைக்கு விருப்பம் என்பார்கள், நாளைக்குக் கட்டாயம் என்பார்கள். ரெனோன்சான்கள் ஐரோப்பியரோடு ஒரே வாக்காளர் பட்டியலில் சேர்ந்துவிட்டால், பிரான்சின் சட்டமும் தலித் கிறிஸ்தவரின் ஓட்டும் சேர்ந்து நம்மை ஆளும். இந்த அச்சத்தை ஊர் ஊராக எடுத்துப்போனார். அதோடு நிற்கவில்லை. ரெனோன்சான்களைத் தங்களோடு சமமாக உட்காரவைக்க விரும்பாத வெள்ளையர்களும் ஊரில் இருந்தார்கள். அவர்களோடு கைகோத்தார். வழக்கத்தைக் காப்பாற்ற நினைத்த முதலியாரும் தோலின் நிறத்தைக் காப்பாற்ற நினைத்த துரையும் ஒரே பக்கம் நின்றார்கள். 1884 பிப்ரவரியில் ஆணை வந்தது. உள்ளூர் தேர்தல்களுக்கு இனி மூன்று பட்டியல். முதலாவது ஐரோப்பியரும் அவர்கள் வழிவந்தவரும். இரண்டாவது ரெனோன்சான்கள். மூன்றாவது மற்ற இந்தியர் அனைவரும்.

கதவைத் திறந்து உள்ளே போன லபோர்த், நடுக்கூடத்தில் தனியாக நிறுத்தப்பட்டார். வெள்ளையர் அறைக்குள்ளும் விடவில்லை, பழைய வீட்டுக்குள்ளும் இடமில்லை.

இனிதான் சண்முகத்தின் நிஜமான திறமை. மூன்று பட்டியல் முறை, கைப்பிடி அளவே இருந்த ஐரோப்பியருக்கு அளவுக்கு மீறிய இடத்தைக் கொடுத்தது. அப்படியிருக்க, மூன்றாம் பட்டியலின் தலைவர் எப்படி ஊருக்கே தலைவரானார்? விடை பாரிசில் இருந்தது. பட்டியல் பிரிவினை உள்ளூர்ச் சபைகளுக்கு மட்டும்தான். நாடாளுமன்றப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும்போது ஆளுக்கு ஒரு ஓட்டு, எல்லா ஓட்டும் ஒரே எடை. அங்கே எண்ணிக்கைதான் ராஜா. எண்ணிக்கை சண்முகத்தின் பையில். எனவே பாரிசில் உட்கார நினைக்கும் எந்த பிரெஞ்சுக்காரரும் முதலில் இவர் வீட்டுத் திண்ணையைப் பார்க்க வேண்டும். பிரதிநிதி இவருக்குக் கடன்பட்டவர். பிரதிநிதி காலனி அமைச்சகத்தின் கதவைத் தட்டக்கூடியவர். அமைச்சகம் கவர்னரை மாற்றக்கூடியது. 1879 தொடங்கி நூற்றாண்டு முடியும்வரை, இடைக்காலப் பொறுப்பில் இருந்தவர்களை விட்டுவிட்டால்கூட ஒன்பது கவர்னர்கள் வந்துபோனார்கள். எல்லோரையும் இவர்தான் மாற்றினார் என்று சொல்லமாட்டேன். காலனி நிர்வாகத்தில் இடமாற்றம் சாதாரணம். ஆனால் கவர்னர் இரண்டு மூன்று வருடத்துக்கு வருகிறவர், சண்முகம் இருக்கிறவர். அரசு அலுவலகத்தில் குமாஸ்தா வேலைக்கு மனுப் போடுகிறவன் யாரைப் போய்ப் பார்ப்பான்?

1881 முதல் 1898 வரை பியேர் அலிப் பிரதிநிதி. அடுத்து 1906 வரை ஆன்ரிக்-துய்லுய்க். இரண்டு பெயர்களையும் ஊர் மறந்துவிட்டது. அவர்களை உட்காரவைத்தவர் பெயர் மட்டும் ஓரளவு நிற்கிறது.

இதில் இன்னொரு வேடிக்கை. பூட்ஸ் வழக்கை நடத்திய கொதேன் 1891ல் பிரெஞ்சிந்தியாவின் செனட்டராகத் திரும்பி வந்து 1909 வரை இருந்தார். செனட்டரைத் தேர்ந்தெடுப்பது பொதுமக்கள் அல்ல, சபை உறுப்பினர்கள். சண்முகத்தின் கை ஓங்கியிருந்த சபைகளின் காலம் அது. லபோர்த்தின் வக்கீல் லபோர்த்தின் எதிரி ஆண்ட ஊருக்குப் பிரதிநிதியாக இருந்து கிழவரானார். அரசியல்.

ஓட்டு எப்படி விழுந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வாக்காளர் பட்டியல் மேரியில் தயாராகும். சாவடிக்குத் தலைமை தாங்குவது மேர் அல்லது அவருடைய ஆள். எண்ணுவதும் அங்கேயே. இந்த மூன்றும் ஒரே கையில் இருந்தால் வாக்காளர் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? சாராயமும் தடியும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். சண்முகத்தின் காலம் போன பிறகும் இந்தக் கலை மறையவில்லை. 1914ல் நடந்த தேர்தலைப் பற்றி அரவிந்தர் சந்திரநாகூரில் இருந்த மோதிலால் ராய்க்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. தேர்தலில் நின்ற பால் ரிஷார் அவருக்கு வேண்டியவர். சீட்டில் பால் ரிஷார் என்று அச்சாகியிருந்த இடத்திலெல்லாம் பால் ப்ளூய்சென் என்று வாசித்தே ரிஷாரின் ஓட்டுகளை இல்லாமல் ஆக்கினார்கள் என்று அதில் சொல்கிறார். முதல் பெயர் ஒன்றாக இருந்தது வசதியாகப் போயிற்று போல.

1899ல் சண்முகத்துக்கு இன்னொரு வெற்றி. அந்த ஆண்டு ஆணை இரண்டாம் பட்டியலையே எடுத்துவிட்டது. பிரெஞ்சு அறிவு, துறந்து கழிந்த ஆண்டுகள், பதவி என்று நிபந்தனைகளை நிறைவுசெய்த ஒரு சில ரெனோன்சான்கள் ஐரோப்பியர் பட்டியலுக்குப் போகலாம்; மற்றவர்கள் மறுபடி இந்தியர் பட்டியலில், எண்ணிக்கைக் கடலில். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர்கள் ஓட்டுச் சாவடியில் மட்டும் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள்.

வீழ்ச்சி எல்லோருக்கும் வருவது போலத்தான் வந்தது. பையில் இருந்த எண்ணிக்கையை இன்னொருவர் எண்ணக் கற்றுக்கொண்டார். பஞ்சாலை முதலாளி ஆன்ரி கெப்லே புதிய சக்தியாக எழுந்தார். 1904-05ல் கவர்னராக இருந்த ஃபிலேமா லெமேர், பதவியை விட்டபின் 1906ல் வேட்பாளராக வந்து பிரதிநிதி ஆனார். நேற்றுவரை கவர்னராக இருந்தவர் இன்று ஓட்டுக் கேட்டு வருகிறார் என்றால், இவர்களும் பாடத்தை நன்றாகப் படித்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். 1908ல் கெப்லே புதுச்சேரியின் மேர். ஏறத்தாழ இருபது வருடம் அந்த நாற்காலியை விடவில்லை. பாரதி அடைக்கலம் தேடி ஊருக்குள் வந்ததும் அந்த 1908ல்தான்.

சண்முகத்தை எப்படி மதிப்பிடுவது? அவரை வெறும் சாதிப் பழமைவாதி என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். அது பாதி உண்மையும்கூட. ஆனால் வெள்ளை நிர்வாகத்தை அதன் சொந்த ஆயுதத்தால் கால் நூற்றாண்டு தன் வீட்டு வாசலில் நிற்கவைத்த தமிழர், அந்த நூற்றாண்டில் பிரிட்டிஷ் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? காங்கிரஸ் மகாசபை மனு எழுதிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அதே சமயம் என்னால் மன்னிக்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. அத்தனை ஓட்டையும் கையில் வைத்துக்கொண்டு அவர் ஒரு தமிழரைப் பாரிசுக்கு அனுப்பவில்லை. செனகல் 1914ல் பிளேஸ் தியாஞ் என்ற கறுப்பினத்தவரை அனுப்பியது. நாம் இரண்டாம் உலகப் போர் முடியும்வரை காத்திருந்தோம். பாரிசில் ஒரு வெள்ளைக்காரர், இங்கே அவரை இயக்கும் கயிறு: சண்முகத்துக்கு இந்த ஏற்பாடே போதுமானதாக இருந்தது. மேலே போவது அவர் நோக்கமல்ல. கீழே இருப்பவர்கள் இடம் மாறாமல் பார்த்துக்கொள்வதுதான் நோக்கம்.

லபோர்த்தோ தேர்தல் கணக்கில் தோற்றவர். ஆனால் அவர் தொடங்கிவைத்த கையெழுத்துகளை எந்த ஆணையாலும் அழிக்க முடியவில்லை. திரும்பிவர முடியாது என்றுதானே சட்டமே சொன்னது. ரெனோன்சான் குடும்பங்கள் படித்தன, பிரெஞ்சு ராணுவத்திலும் சைகோன் அலுவலகங்களிலும் வேலைக்குப் போயின. 1962 ஆகஸ்ட் 16 அன்று உடன்படிக்கை நடைமுறைக்கு வந்து புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். ஊரில் இருந்த ரெனோன்சான்களும் அப்போது தனியாக எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. தாத்தா கையெழுத்துப் போட்டுவிட்டாரே, அது போதாதா என்று இருந்தவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். இன்றும் பழைய குடும்பங்களில் இந்தப் பேச்சு வந்தால் குரல் மாறிவிடும். "ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டிருந்தா இந்நேரம் பிள்ளைங்க பாரிஸ்ல" என்பார்கள்.

குடியுரிமை இந்தியாவுடையது ஆனாலும் சிவில் சட்டம் மாறவில்லை. 1963ல் இந்தியச் சட்டங்களைப் புதுச்சேரிக்கு நீட்டியபோது, 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில் இரண்டாம் பிரிவுக்குள் ஓர் உட்பிரிவைச் சேர்த்தார்கள்: இந்தச் சட்டத்தில் உள்ள எதுவும் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்திலும் அதே போல. டெல்லியில் அச்சாகும் சட்டப் புத்தகத்தில் அந்த பிரெஞ்சுச் சொல் இன்றும் அப்படியே இருக்கிறது. புதுச்சேரியில் பாகப்பிரிவினை வழக்கு எடுக்கும் வக்கீல்கள், பத்திரத்தைப் பிரிக்கும் முன்பு கட்சிக்காரரிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று: உங்க தாத்தா ரெனோன்சானா? ஆமாம் என்றால் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் பங்கு எப்படி என்பதை பிரெஞ்சு சிவில் சட்டத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.